அம்மா பறித்துப் போட்ட மல்பெரி இலை

தாயில்பட்டி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. அம்மா பட்டாசு கம்பெனிக்குப் போவதை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்றுதான், படிப்பு முடிந்த கையோடு அதில் மல்பெரி வைத்தேன். இலை பட்டுப்புழுவுக்கு, மிச்சத் தண்டு ஆட்டுக்கு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். குறையும் தெரியும். இலையில் எது ஒட்டியிருந்தாலும் புழு தாங்காது. பக்கத்துப் பருத்திக்காட்டில் பூச்சிமருந்து அடித்தால் வரப்போர இலையைத் தொடவே மாட்டேன்.

புழுக்கள் கூடு கட்டப்போகிற வாரம், விருதுநகர் போய்விட்டுத் தாமதமாக வந்தேன். அம்மா வாசலிலேயே சிரித்தாள்.

"ஏலே, பாவம், பசியில கிடந்துச்சுக. வேலை விட்டு வந்ததும் வராததுமா நானே இலை பறிச்சுப் போட்டுட்டேன். எம்புட்டுத் தின்னுச்சுக தெரியுமா!"

கழுவாத அவள் விரலிடுக்கில் பட்டாசு மருந்து வெள்ளியாக மின்னியது.

மறுநாள் தட்டுத் தட்டாகப் புழுக்கள் சுருண்டு செத்துக் கிடந்தன.

"ஏதோ நோயிம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையாலதானலே உனக்குச் சோறு ஊட்டுனேன்."

இப்போது மறுபடி புழு வளர்க்கிறேன். கொட்டகை வாசலில் தண்ணீரும் சோப்பும் மாற்றுச் சேலையும் வைத்திருக்கிறேன். நான் உட்பட யாரும் கை கழுவாமல் இலையைத் தொடுவதில்லை. ஆனால், குளித்துவிட்டு வந்தாலும் அம்மா உள்ளே வருவதில்லை. இன்னமும் கம்பெனிக்குப் போகிறாள். வந்ததும் தள்ளி நின்றே கேட்கிறாள்:

"ஏலே, தின்னுச்சுகளா?"