காணாது என்று பிறேமா சொன்ன நாள்

பிறேமாவின் வாயிலிருந்து வீட்டுக் குறையைப் பிடுங்குவதைவிடக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது சுகம். மன்னாரிலிருந்து அகதியாக பிராங்பேர்ட்டுக்கு வந்த புதிதில்கூட, யார் கேட்டாலும் நல்லாய் இருக்கிறோம் என்பாள். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் கணவர் பீலிக்ஸ், இடுப்பில் நாரி நோவு வந்து அரைநேர வேலைக்கு இறங்கியபோதும், அவர் லீவில் நிற்பதாகவே கோயிலடியில் சொல்லிவைத்தாள்.

மகள் யூலியாவுக்கு ஸ்டுட்கார்ட்டில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. படிக்கக் கட்டணமில்லை, அறை வாடகையும் சாப்பாடும்தான் மலை. அதற்கு அரசு கொடுக்கும் பாஃபெக் உதவியைக் கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். பரீட்சைப் புள்ளி போதாமல் போயிருக்கும் என்று பிறேமா மகளை முறைத்தாள். பாவம் பிள்ளை. அங்கே புள்ளியை யார் பார்த்தார்கள்? பெற்றோரின் வருமானத்தைத்தான் பார்த்தார்கள், அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தியதை. பீலிக்ஸ் ஓவர்டைம் அடித்துத் தள்ளிய வருடம் அது.

படிப்பை விட்டுவிட்டு வங்கியில் தொழிற்பயிற்சிக்குச் சேரப்போவதாக யூலியா சொன்னாள். பிறேமா மகளை இழுத்துக்கொண்டு மாணவர் ஆலோசனை நிலையத்துக்கு ஓடினாள். மேசைக்குப் பின்னால் இருந்ததோ கோயிலில் பாட்டுப் பாடும் அன்ரனிற்றா!

வருமானம் இப்போது நன்றாகக் குறைந்திருந்தால், இந்த வருடக் கணக்கைப் பார்க்கச் சொல்லித் தனியாக ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், போடலாம் என்று அவள் விளக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப வீட்டில எப்பிடி, அன்ரி?"

வழக்கமான பதில் தொண்டைவரை வந்துவிட்டது. யூலியா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"வாற காசு காணாது, பிள்ளை," என்றாள் பிறேமா. "அவருக்குப் பாரம் தூக்க ஏலாது. அரைச் சம்பளம்தான் வருது."

வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்ரனிற்றா விண்ணப்பத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினாள்.

உதவி கிடைத்தது. பாதி இனாம், பாதி வட்டியில்லாக் கடன். பிறேமா சந்தோஷத்தில் அழுதே விட்டாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது, பீலிக்ஸ் நெளிய நெளிய, அரைச் சம்பளம் முதல் பாஃபெக் வரை ஒன்றும் விடாமல் உரத்துச் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

வீட்டுக்குப் புறப்பட்டபோது, மகனைப் படிக்க அனுப்பக் காத்திருந்த வெரோனிக்கா பஸ் தரிப்பு வரை பின்னாலேயே வந்தாள்.

"அந்த அன்ராக் எங்க போடுறது, அக்கா?" என்றாள். "எங்கட இவரும் கனநாளாய் லீவிலதான் நிக்கிறார்."