சும்மா வந்த சிஸ்டமும் கைருன் பீவியும்

எங்கள் இறால் சங்கத்தில் கம்ப்யூட்டரை ஓட்டியவர் கைருன் பீவி. வெளியூர்க்காரர்கள் வந்தால் கலங்கரை விளக்கத்தைக் காட்டிவிட்டு அடுத்து அவரைத்தான் காட்டுவோம். அவருக்கு அது பிடிக்காது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் அவருடையது. அவர் அப்பா அப்துல் ஹை காலத்துக்கு வரும்போது கயிறும் தாரும் விற்கிற ஒரு சின்னக் கடைதான் மிச்சம் இருந்தது. கைருன் பீவி பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் படித்தார். இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று தெரு பேசிக்கொண்டிருந்த வயதில் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். நான் அங்கே பெருக்கி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிறவள். எல்லாம் என் கண் முன்னால் நடந்ததுதான்.

1988இல் மெட்ராஸிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இனாமாகக் கொடுத்தது. அதுவரை பக்கத்துக் கிராமமான பசியாவரத்துப் பெண்கள் இறால் கொண்டுவந்து போட்டால், எடை அவரவர் புருஷன் பேரில்தான் ஏறும். கைருன் பீவி அந்த மெஷினில் உட்கார்ந்த பிறகு அந்தந்தப் பெண்ணின் பேரிலேயே சீட்டு அச்சாகி வந்தது. இங்கிலீஷ் எழுத்துதான். ஆனாலும் தன் பேரின் உருவம் எது என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்துபோனது. கஸ்தூரியம்மாள் தன் சீட்டுகளை மடிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

ஆனால் அந்தப் பெட்டிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. காலையில் அதை இயக்குகிற சிஸ்டம் பதிந்த பிளாப்பித் தகட்டை அதன் வாயில் செருக வேண்டும். அப்போதுதான் கண் விழிக்கும், சொன்னதைக் கேட்கும். அந்தச் சிஸ்டத்தை யாரும் இனாமாகத் தரவில்லை. கடையில்தான் வாங்க வேண்டும். விலையைக் கேட்டதும் தலைவர் தேசப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"பொட்டியே சும்மா வந்துச்சு. அது வாயில வைக்கிற தகடுக்குக் காசா? இன்னாம்மா இது பேஜாரு!"

பொன்னேரியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாணிக்கம் சார் தன்னிடமிருந்த சிஸ்டத்தை ஒரு பிளாப்பியில் நகல் எடுத்து, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். நல்ல மனுஷர்தான். தேசப்பன் ஊர் முழுக்க அந்தப் பெருமையைச் சொன்னார்.

எங்கள் பக்கம் கரைவலை இழுக்கும்போது யார் வேண்டுமானாலும் ஒரு கை மீன் அள்ளிக்கொள்ளலாம். விலை கேட்க மாட்டார்கள். ஆனால் மறுநாள் வந்து வலைக் கயிற்றில் கை வைத்து இழுக்க வேண்டும். வராதவரை யாரும் திட்டுவதில்லை. அடுத்த தடவை கூடை அவர் பக்கம் திரும்பாது, அவ்வளவுதான்.

மாணிக்கம் சாருக்குக் கரைவலை தெரியாது. ஆனால் கணக்கு அதேதான். அவருடைய டைப் வேலை குவிந்தால் கைருன் பீவிக்கு ஆள் வரும். லீவு நாளில் பஸ் ஏறிப் போய் அடித்துக்கொடுத்துவிட்டு வருவார். உப்புக் காற்றில் பிளாப்பி பூஞ்சை பிடிக்கும். மறுபடி பொன்னேரி, மறுபடி ஒரு நகல், அதற்கு மறுபடி ஒரு வேலை. சங்கத்தில் யாருக்கும் இது ஒரு செலவாகவே தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்றது அவர் கால்தானே.

ஒருநாள் கைருன் பீவி சாப்பிடப் போயிருந்தார். மேசைமேல் இருந்த பிளாப்பியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளைப் பார்த்தார் தேசப்பன். ஈரம் பூந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. ஈரமான எதையும் எங்கள் ஆட்கள் சும்மா விட மாட்டார்கள். வலையோ, மீனோ, வேட்டியோ, எல்லாம் வெயிலுக்குத்தான் போகும். அவரும் பொறுப்பாக, வெளியே காய்ந்துகொண்டிருந்த வலைமேல் அந்தப் பிளாப்பியை விரித்து, பறக்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கிளிஞ்சலையும் வைத்தார்.

கைருன் பீவி திரும்பி வந்தபோது அது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. வாசலில் இறால் வாங்குகிற கம்பெனியின் லாரி நின்றது.

"இன்னாம்மா, பில்லு வருமா வராதா? ஐஸு கரையுது!" என்று டிரைவர் கத்தினான்.

அச்சடித்த பில் இல்லாமல் கம்பெனி சரக்கு எடுக்காது. பில் வரவில்லை. லாரி இறால் ஏற்றாமலே போய்விட்டது. கூடைகளோடு நின்ற பெண்கள் போட்ட சத்தத்தில் தேசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெள்ளிக்கெழம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டி வரச் சொல்றேன். பொட்டிய குடுத்தவங்களாண்டயே போட்டுட்டு வந்துடலாம்" என்றார்.

பெட்டி போனால் கைருன் பீவியின் வேலையும் போகும். பெண்கள் பேரில் வரும் சீட்டும் போகும். அது எல்லோருக்கும் தெரிந்தது. புதன்கிழமை சங்கக் கூட்டத்தில் படகுக்காரர் கோதண்டம்தான் பேச்சை எடுத்தார்.

"எதுக்கு இவ்ளோ ரோதன? மாணிக்கத்தாண்ட இன்னொண்ணு சும்மா வாங்கிக்கினு வாயேம்மா."

கூட்டத்தில் வாய் திறக்காத கைருன் பீவி அன்றைக்குக் கதவருகே எழுந்து நின்றார்.

"கோதண்டம் அண்ணே, கரைவலையில ஒரு கை மீன் எடுத்தா மறுநாள் இன்னா பண்ணுவீங்க?"

"கயித்தப் புடிப்பேன். இது இன்னா கேள்வி?"

"மீன் எடுத்தது சங்கம். ஒரு வருஷமா கயித்தப் புடிச்சிக்கினு இருக்கிறது நானு."

பெண்கள் பக்கத்திலிருந்து கஸ்தூரியம்மாளின் சிரிப்புதான் முதலில் வந்தது. "ஏன்டா கோதண்டம், இம்மாம் பெரிய மீசய வச்சிக்கினு, உன் பங்குக் கயித்த இந்தப் பொண்ணு தலையில கட்டிட்டியே, வெக்கமா இல்ல?"

கோதண்டம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேசப்பன் விடவில்லை. "அப்போ காசு குடுத்து வாங்கினா கயிறு இழுக்க வேணாமா?"

"அதுக்கும் இழுக்கணும் தலைவரே. இங்கிலீஷ்ல தடிமனா ஒரு புஸ்தகம் வருமாம். நான்தான் முட்டி மோதிப் படிக்கணும். ஆனா அது நம்ம கயிறு. இன்னொருத்தர் கூப்பிட்டப்ப ஓட வேணாம்."

அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு மைக் செட்டும் பிரியாணியும் கிடையாது, அந்தப் பணத்தில் சிஸ்டம் வாங்குவது என்று முடிவானது.

"பிரியாணி போச்சா!" என்று அங்கலாய்த்தாள் கஸ்தூரியம்மாள். "கைருனு, அந்தத் தகடு பிரியாணி மாதிரி மணக்கணும்டி, சொல்லிட்டேன்."

மறுநாள் தேசப்பனும் கஸ்தூரியம்மாளும் துணைக்கு வர, கைருன் பீவி மெட்ராஸ் போனார். ரிப்பேர் என்றால் மெஷினை இங்கேதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றானாம் கடைக்காரன். "பாத்தியா, காசு குடுத்தாலும் நாமதான் அலையணும்" என்று தேசப்பன் வழியெல்லாம் முணுமுணுத்தாராம். புத்தகத்தை கைருன் பீவி பஸ்ஸிலேயே பிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். உள்ளே கைருன் பீவி ஒரு கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் சொல்லியிருந்தபடி முதலில் தினசரி வேலைக்கு ஒரு நகல் எடுத்தார். கடையில் வாங்கியதை பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரம் இழுக்கத் துணி முடிப்பில் கொஞ்சம் அரிசியும் வைத்து மூடினார். டின் பக்கம் நகர்ந்த தேசப்பனை ஒரு பார்வை பார்த்தார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பிறகு நகலைச் செருகினார். பெட்டி கரகரவென்று முனகியது. பச்சை எழுத்து வந்தது. பிரிண்டர் கீச்சிட்டு முதல் சீட்டைத் தள்ளியது. கஸ்தூரியம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது நான்தான்" என்றாள்.

வாசலிலிருந்து வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "தலைவரே, தொண்டு ஆபீஸ் பொட்டிய ஏத்தலாமா?"

தேசப்பன் திரும்பக்கூட இல்லை. "அந்த மாதிரி பொட்டி எதுவும் இங்க இல்லப்பா. கைருன் பீவியோட கம்ப்யூட்டருதான் கீது. நீ போயி ஐஸ் ஏத்திக்கினு வா, லாரி வர்ற நேரம்."