மாலத்தீவுக்கு எவ்வளவு நேரம்?

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலத்தீவுக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? இன்றுவரை எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. கைபேசியில் தேடினால் உடனே வந்துவிடும். நான் கேட்பது அதை அல்ல.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா அங்கே ஒரு விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போனார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலிருந்து அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அம்மாவின் பயத்தைப் போக்கும் பொறுப்பை, ஆட்டோ ஓட்டிய மாமா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பி. விமானத்தை அண்ணாந்து பார்த்த அனுபவம் மட்டும் அவருக்கு உண்டு.

“நம்ம பஸ் ஸ்டாண்டுல ஏறி மதுரையில எறங்குற நேரந்தேங்க்கா. அத்தான் செத்த கண்ணசந்தா தீவு வந்துரும்.”

விமானம் ஏறப்போவதாகக் காலையில் அப்பா போனில் பேசினார். போனவர் போய்ச்சேரும்வரை எங்கள் பக்கம் வீட்டைக் கூட்டமாட்டார்கள்; கூட்டினால் போனவருக்கு ஆகாது என்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் சிந்திய முறுக்குத் தூளும் உதிர்ந்த பூவும் தரையிலேயே கிடந்தன. மாமா சொன்ன நேரம் கடந்தது. அம்மா மேலும் கொஞ்சம் பொறுத்தாள். அத்தான் இந்நேரம் சாப்பிட்டே முடித்திருப்பார் என்று மாமா சொன்ன பிறகுதான் விளக்குமாற்றை எடுத்தாள்.

போன் வரவில்லை. மதியம் போயிற்று. மாமா அடிக்கடி வாசலுக்குப் போய் வந்தார். அம்மா குப்பையை வெளியே கொட்டாமல், முறத்தோடு போனின் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டியதால்தான் விமானம் விழுந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

“அதத் திருப்பிக் கொட்டிருவமாம்மா?”

திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்து, முறத்திலிருந்ததைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி, வீடு முழுக்கத் தூவினாள். மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு அப்பா பேசினார். விமானம் மாமா சொன்னபடியே இறங்கியிருந்தது. அங்கிருந்து வேலை செய்யும் தீவுக்குப் படகில் போக வேண்டுமாம். அலை அடங்கும்வரை துறையிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம்; தீவுக்குப் போன பிறகுதான் போன் பண்ண முடிந்ததாம். மாமாவின் கணக்கில் வானம் இருந்தது, கடல் இல்லை.

“இங்க ஒண்ணுமில்லங்க” என்றாள் அம்மா சிரித்தபடி. “வீடு இன்னும் கூட்டாமத்தேன் கெடக்கு.”

என் யோசனைதான் அப்பாவைக் கரை சேர்த்தது என்று வெகுநாள் பெருமையாக இருந்தேன். சிரித்துப் பேசியவள், போனை வைத்ததும் ஏன் அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்து அழுதாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் என் கணவரும் அதே தீவுகளுக்குப் போகிறார். எவ்வளவு நேரம் ஆகும் என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாமாவைப் போல வானத்தை மட்டும் சொல்வதா, கடலையும் சேர்த்துச் சொல்லி இப்போதே பயமுறுத்துவதா? நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்? அன்று வீட்டை எப்போது கூட்டலாம் என்பதையும் சொல்லுங்கள்.