அமாவாசையில் எழுதிய கதை

எங்கள் பக்கம் அமாவாசையன்று மாடு பூட்டுவதில்லை. தினமும் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துக் களைத்துப்போகும் எனக்குக் கதை எழுத அந்த ஒரு பகல்தான். யுத்தத்தால் விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. இருட்டுவதற்குள் முடிக்க, திரும்பிப் படிக்காமல் விறுவிறுவென்று எழுதுவேன்.

போன தை அமாவாசையன்று செவலைக் காளையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு காளை சாகும் கட்டத்தை அழுதுகொண்டே எழுதினேன். முனகல் கேட்டது. கதைக்குள் கேட்பதாக நினைத்து அதையும் எழுதினேன்.

"ஏனுங்க, செவலை நாக்குத் தள்ளிக் கெடக்குதுங்க!" என்று என் மனைவி அலறினாள். கயிறு மரத்தைச் சுற்றிக் கழுத்தை இறுக்கியிருந்தது. அவளே அரிவாளால் அறுத்தாள். காளை பிழைத்தது.

"அழுதீங்களே, எந்த மாட்டுக்குங்க?" என்று கேட்டாள்.

இப்போதும் எழுதுகிறேன், கயிற்று நுனியை இடக்கையில் பிடித்தபடி. செவலை இழுக்கும்போதெல்லாம் வாக்கியம் பாதியில் நிற்கிறது. கதை இன்னும் முடியவில்லை.