இபு தர்மினி திருந்திய கதை

இபு தர்மினி சான்றிதழ் எழுத உட்காருமுன் கிடங்கறைக் கதவைத் தாழிடுகிறார், ஜன்னல் திரையை இழுத்து விடுகிறார், சாவித் துவாரத்தில் பஞ்சை அடைக்கிறார். உள்ளே கள்ளநோட்டு எதுவும் அச்சாகவில்லை. ஆறாம் வகுப்பு முடித்த நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர்களை, அரசாங்கம் அனுப்பிய தாள்களில், கறுப்பு மையால் எழுதுகிறார். குற்றம் ஒன்றுதான்: இடது கையால் எழுதுகிறார்.

ஜாவாத் தீவில் தெமாக் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மதரசாவில் அவர் எழுத்தர், நான் கணக்கு வாத்தியார்; இபு என்றால் எங்களுக்கு அம்மா. அவருடைய கையெழுத்துக்கு இந்த வட்டாரத்தில் ஜோடி கிடையாது. பெரிய எழுத்துகள் கொடிபோல் வளைந்து ஏறும். சின்ன எழுத்துகள் நாற்று நட்டதுபோல் வரிசை பிசகாமல் நிற்கும்.

வலது கையைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. தேநீர் நீட்டுவது, சம்பளம் வாங்குவது, பொரித்த சோயா டெம்பே தின்பது என்று ஊர் பார்க்க நடக்கும் காரியம் அத்தனையும் அதன் பொறுப்பு. எழுத்து மட்டும் வராது. வரவைக்க முயற்சி நடக்காமல் இல்லை. முதல் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க அவருடைய இடது கையை முக்காட்டுத் துணியால் பெஞ்சோடு கட்டி வைத்தார்கள். வகுப்பில் எழுதியதற்கு முட்டை, வீட்டுப்பாடத்துக்கு நூறு.

"எங்க அண்ணன்தான் எழுதித் தர்றான்னு அவனப் போட்டு அடிச்சாங்க" என்பார் இபு, டெம்பேயைக் கடித்தபடி. "பாவம், அவனுக்கு அவன் பேரே ஒழுங்கா எழுத வராது."

எங்கள் தலைமையாசிரியர் பாக் ஹாஜி மஸ்தூகி, அதாவது ஹாஜி ஐயா, கைகள் விஷயத்தில் பேரறிஞர். சாத்தான் இடது கையால் உண்பான் என்பதோடு மற்றவர்கள் படிப்பை நிறுத்திக்கொண்டார்கள். இவர் மேற்கொண்டு ஆராய்ந்து, அவன் பரீட்சையும் அதே கையால்தான் எழுதுவான் என்று கண்டுபிடித்தார். இடது கை எழுதிய சான்றிதழில் பரக்கத் என்னும் இறையருள் தங்காது என்பதும் அவர் முடிவு. அப்படி பரக்கத் இல்லாமல் போனவர்களில் இரண்டு மருத்துவச்சிகளும், ஒரு போலீஸ் அதிகாரியும், பாக் ஹாஜியின் சொந்த மகனும் அடக்கம். மகனுடைய தாள் சட்டம் போடப்பட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது.

ஆண்டுதோறும் தாள்கட்டை ஒப்படைக்கும்போது அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "எந்தக் கையால எழுதுறீங்கன்னு நான் கேக்கல, இபு. கேட்டா நீங்க உண்மையச் சொல்லிடுவீங்க. அப்புறம் அந்தப் பாவம் என் தலையில ஏறும்."

"கேக்காதீங்க பாக். அந்தத் தலையில ஏற்கெனவே எவ்வளவோ இருக்கு."

பத்தொன்பது வருடம் சிக்கலின்றி ஓடிய இந்த ஏற்பாட்டை இந்த ஜூனில் ரோஹ்மா வந்து கெடுத்தாள். வாசலில் கீரைக்கு நிலக்கடலைச் சாந்து ஊற்றிப் பெசெல் விற்கும் ஸ்ரீயாத்துனின் மகள், முதல் வகுப்பு. புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாசிப்பாள். ஆண்டுப் பரீட்சையில் ஒரு விடை தப்பவில்லை. தாளின் தலையில் பாக் ஹாஜி சிவப்பு மையில் தீர்ப்பெழுதினார்: "விடை சரி. கை தவறு. பூஜ்யம்." தேர்ச்சிப் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஒரு கோடு. வலது கைக்கு வரும்வரை முதல் வகுப்பிலேயே கிடக்கட்டும், அடுத்த வருடம் இடது கைக்கு ஒரு காலுறை மாட்டிவிடலாம் என்று ஏற்பாடு.

இபு அந்தப் பட்டியலைக் கணினியில் தட்டிக் கொடுத்தார். தட்டுவதில் இரண்டு கைகளும் கலந்துகொள்வதை பாக் ஹாஜி இன்னும் கவனிக்கவில்லை.

மறுநாள் பட்டமளிப்பு விழா என்று இருக்கும்போது, காலையில் நான் போனால், இபு நட்ட நடு அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்தே இருக்கிறது. பேனா வலது கையில். ஒரு காகிதத் துண்டில் பயிற்சி நடக்கிறது. பாக் ஹாஜி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இபு இது?"

"நிர்வாகத் தலைவரோட பேரன் பேரு, பாக். முதல் சான்றிதழே அவனோடதுதான்."

"தவளை நசுங்கின மாதிரி இருக்கு."

"ஆமா பாக். ஆனா வலது கைத் தவளை."

பாக் ஹாஜி கதவைச் சாத்தினார். "வழக்கமா எழுதுற மாதிரி எழுதுங்களேன்."

"திருந்திட்டேன் பாக். ஏழு வயசுப் புள்ளைக்கே சட்டம்னா, எனக்கு நாப்பத்தாறு. எனக்கு மட்டும் என்ன சலுகை? பிஸ்மில்லா சொல்லி அசல் தாள்ல ஆரம்பிக்கட்டுமா?"

அசல் தாள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒன்று கெட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம், முத்திரை, மூன்று நடை. நாற்பத்தொன்றும் கெட்டால் நூற்று இருபத்துமூன்று நடை என்று, தொழில் தர்மத்தை முன்னிட்டு, நான் வாய்விட்டுச் சொன்னேன். பாக் ஹாஜி என்னைப் பார்த்த பார்வையில் பரக்கத் இல்லை.

பேனா முனை தாளை நெருங்கியது.

"இருங்க, இருங்க." பாக் ஹாஜி விட்டத்தைப் பார்த்தார். அறிஞர்களுக்குள் இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பது அவருக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. "திங்கிறது வேற, எழுதுறது வேறன்னு சிலபேர் சொல்லியிருக்காங்க."

"யாரு பாக்?"

"பெரியவங்க."

சொல்லிவிட்டு, பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மேசையின் இடது ஓரத்தில் வைத்தார்.

இபு பேனாவைத் தொடவில்லை. முதல் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தார். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு முன் சுட்டுவிரல் நீட்டுவது மரியாதைக் குறைவு. ஆகவே முதுகை லேசாக வளைத்து, நான்கு விரல்களையும் மடக்கி, வலது கைக் கட்டைவிரலால், ரோஹ்மாவின் பெயருக்கு எதிரே இருந்த அந்தக் கோட்டை மிகுந்த பணிவோடு காட்டினார்.