மொகங்காட்டு

எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் நடக்கும். காலை நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். கூட்டத்தோடு ஓடினால் தானாகவே பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆமத்தூரைத் தாண்டி சிவகாசிக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். ஊருக்கும் பாறைக் கரட்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி. வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். சாம்பிள் வெடி போட்டுப் பார்ப்பதெல்லாம் மூன்று மணிக்கு வேலை முடிந்த பிறகுதான். அதனால் சாயங்காலம் கேட்கும் வெடிக்கு நாய்கூடக் குரைக்காது. காலையில் கேட்டால் மட்டும் அது வேலைச் சத்தம் இல்லை என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

சத்தம் எங்கிருந்து வந்தாலும், நாரணாபுரமோ சாத்தூர்ப் பக்கமோ, எங்கள் கம்பெனி ஆட்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு கேட்டுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். ஓடி வருகிறவர்கள் தங்கள் ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இதற்கு ஊரில் ‘மொகங்காட்டு’ என்று பெயர். செல்போனெல்லாம் அப்போதுதான் ஊருக்குள் தலைகாட்டியிருந்தது. இருந்தாலும் கம்பெனிக்குள் கொண்டுபோக முடியாது. எங்களுக்கு முகம்தான் செய்தி.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், மொகங்காட்டு நாள் எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. மூச்சிரைக்க ஓடிப்போய் முகத்தைப் பார்த்ததும் வருகிற சிரிப்பு இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் சிரித்ததில்லை. மருமகளை வருஷம் முழுக்கத் திட்டித் தீர்க்கும் ஒரு மாமியார், சத்தம் கேட்டால் எல்லாருக்கும் முன்னால் போய் நிற்பாள். மருமகள் முகத்தைப் பார்த்ததும், “சோத்துச் சட்டிய மூடாமப் போயிருக்கா, அதச் சொல்லத்தான் வந்தேன்” என்று முறைத்துவிட்டுத் திரும்புவாள். புதுசாகக் கல்யாணமானவன் ஒருவன் பாதி முகம் சவரம் செய்த நிலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்து நின்றதை வைத்து ஒரு சீசன் முழுக்க ஓட்டினோம். திரும்பி வரும்போது கதைதான். போகிற தூரம் தெரியும், வருகிற தூரம் தெரியாது.

நான் ஓடியது என் மதினிக்காக. என் அண்ணன் பெண்டாட்டி, எனக்கு ஒரு வயதுதான் மூத்தவள். அண்ணன் லாரியில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டான். வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் கம்பெனியில் வெடிக்குத் திரி வைப்பாள், நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பேன். சாயங்காலம் அவள் வந்ததும் விரல் இடுக்கில் ஒட்டியிருக்கும் அலுமினியப் பொடியைப் பார்த்து, “வெள்ளி மோதிரம் புதுசா மதினி?” என்பேன். “ஒங்கண்ணன் வாங்கித் தரப் போறதில்ல, இதையாவது போட்டுக்கிறேன்” என்பாள். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத மினுக்கம் அது.

அப்போதுதான் கரட்டுக்குக் குவாரிக்காரர்கள் வந்தார்கள். கரடு ஊர்ப் புறம்போக்கு, எங்கள் ஆடுகள் மேய்ந்த இடம். அதில் வடக்கு மூலையில் கொஞ்சம் கல் எடுக்க வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு அரசாங்கம் குத்தகை கொடுத்திருக்கிறது என்றார்கள். கம்பெனி யாருடையது என்று கேட்டால், ஆளுங்கட்சியில் பெரிய கை ஒருவரின் மச்சினனுடையது என்று டீக்கடையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அப்புறம், வடக்கு மூலையில் நட்ட எல்லைக்கல்லுக்குக் கால் முளைத்தது. மாசாமாசம் அது நடந்து நடந்து தெற்கே வந்தது. ஒரு நாள் பார்த்தால் பட்டாசுக் கம்பெனி வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அதைவிடக் கொடுமை வெடி. நேரங்காலம் கிடையாது. சங்கு ஊதுவது, சிவப்புக் கொடி கட்டுவது எதுவும் கிடையாது. காலை ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினோம். அவர்களும் ஒவ்வொன்றுக்கும் வந்து முகம் காட்டினார்கள். இப்படி ஒரு மாதம் போனது. சோறு அரைவேக்காட்டில் கிடக்கும், தைத்த துணி பாதியில் கிடக்கும். கடைசியில் பட்டாசுக் கம்பெனி போர்மேன் கும்பிட்டுக் கேட்டார். “அம்மா தாயிகளா, இப்படி மணிக்கொருக்க ஓடியாந்தீகன்னா நான் தீவாளி ஆர்டரை எப்ப முடிக்க? அது குவாரி வெடிதான். பேசாம வீட்ல இருங்க.”

நாங்கள் பேசாமல் இருக்கவில்லை. குவாரியை மூடு என்றுகூடக் கேட்கவில்லை; அது நடக்காது என்று எங்களுக்கே தெரியும். காலையில் வெடிக்காதே, மூன்று மணிக்கு மேல் வெடி, அதற்கு முன்னால் சங்கு ஊது. இதுதான் நாங்கள் கேட்டது. எங்கள் காதை எங்களுக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டோம், அவ்வளவுதான். திங்கட்கிழமை தவறாமல் விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றோம். அந்தத் திங்கட்கிழமைகளையும் சும்மா சொல்லக் கூடாது. மனுக் கொடுத்து முடித்ததும் மதினி என்னை எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடக் கூட்டிப் போவாள். “நியாயம் கெடைக்கலன்னாலும் பரோட்டா கெடைக்கும், வா புள்ள” என்பாள். நாங்கள் ஆம்பளைத் துணை இல்லாமல் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடப் பழகியது அந்தக் குவாரிக்காரன் புண்ணியத்தில்தான்.

ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் வருகிற அன்று கரடு அப்படியொரு அமைதியாக இருக்கும். எல்லைக்கல்லும் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நல்ல பிள்ளையாக நிற்கும். டேப் பிடித்து அளந்துவிட்டு, குவாரி ஆபீசில் இளநீர் குடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஜீப் மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் வெடிச் சத்தம் கேட்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டிருக்கவே பயமாக இருந்தது.

ஒரு முறை நாங்களே நேராகக் குவாரி ஆபீசுக்குப் போனோம். பத்துப் பதினைந்து பெண்கள், முன்னால் மதினி. மேனேஜர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார், நாற்காலி போடச் சொன்னார்.

“ஒரு சங்கு வாங்கி வைக்கிறதுல ஒங்களுக்கு என்னங்க கஷ்டம்?” என்று மதினி கேட்டாள்.

“வைக்கலாம்மா. மேல சொல்லியிருக்கேன்.”

“மேலன்னா எங்கன? நாங்களே போய்ச் சொல்லிப்புடுறோம்.”

அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். அந்த ஆளுங்கட்சிப் பெரிய கை மாலையும் கழுத்துமாகப் படத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். “அங்கதான்மா. போக முடியுமா ஒங்களால?”

அடுத்து தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. இனிமேல் விடிந்துவிடும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். குவாரி ஆபீசில் படம் மட்டும் மாறியது. புதிதாக வந்த கட்சியில் ஒருவர் கூட்டாளியாகச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். வெடி கூடித்தான் போனது.

இப்படியே போகப் போக ஓடுவது நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது. முதலில் எழுந்து வாசல்வரை வந்தோம். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினோம். பிறகு அதுவும் இல்லை. கேட்டில் வந்து நிற்பதும் நின்றுபோனது. சோறு ஒழுங்காக வெந்தது. மொகங்காட்டுக்கு ஓடிய வழியில் கருவேலஞ் செடி முளைத்தது. சாயங்காலம் மதினி வந்தால் பேசுவதற்குக் கதையே இல்லாமல் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்குத் தீபாவளி நெருங்கிய சமயம். மலைபோல ஜாக்கெட் துணி குவிந்திருந்தது. சத்தம் கேட்டது. எப்போதும் கேட்பதைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “இன்னைக்கு மருந்தை அள்ளிப் போட்டுட்டான் போல, பாழாப்போறவன்” என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கரட்டுப் பக்கம் புகை தெரிந்ததையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பக்கத்து வானம் குவாரித் தூசியில் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோதுதான் எழுந்தேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

வெடித்தது பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கலவை அறை. உள்ளே இருந்தவர் அங்கேயே போய்விட்டார், ஆமத்தூர்க்காரர். அடுத்த அறையில் இருந்த மதினியையும் இன்னும் இரண்டு பேரையும் நாங்கள் போவதற்குள் ஒரு லோடு வண்டியில் ஏற்றி சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மதினிக்கு வலது கை முழுக்கவும் கழுத்திலும் தீக்காயம். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, செத்துப்போய்விட்டாள் என்று நினைத்து யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. அதன் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஒன்றும் இல்லை. வெடித்ததற்குக் காரணம் குவாரி அதிர்வா, வேறெதுவுமா என்று கடைசிவரை தெரியவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் குவாரி வெடிக்க வேண்டும், சங்கு ஊத வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கொஞ்ச நாள் ஊதினார்கள். மதினி கைக்கட்டு அவிழ்ப்பதற்குள் சங்கும் நின்றது. பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்து, அந்த இடமும் குவாரியோடு போய்ச் சேர்ந்தது. நான் கல்யாணமாகி வெளியூர் வந்துவிட்டேன். இங்கே லாரி டயர் வெடித்தாலும் என் கை அடுப்புத் திருகைத் தேடுகிறது. வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஆனால் அந்த விசாரணை நாளை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. அதிகாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சத்தம் கேட்டதா, கேட்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கேட்டது, குவாரி என்று நினைத்து இருந்துவிட்டோம் என்று எல்லாரும் உண்மையைத்தான் சொன்னார்கள். குவாரிக் கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இம்புட்டுப் பெரிய சத்தம் கேட்டும் ஊர்ல ஒருத்தர்கூட எந்திரிச்சுப் பாக்கல. அவங்களே சொல்றாங்க. அப்ப குவாரிச் சத்தம் இவங்களுக்கு ஒரு தொந்தரவாவே இல்லைன்னுதானே ஆகுது?”

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிப் பதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் என்ன பதில் சொல்வது? அவன் சொன்னதில் பொய் எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதிகாரி மதினியைக் கூப்பிட்டார். கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றாள்.

“நீங்க எப்படிம்மா தப்பிச்சீங்க? மத்தவங்களோட பின்பக்கமா ஓடினீங்களா?”

“அவுகல்லாம் பின்னாடி காட்டுப் பக்கம் ஓடிட்டாகய்யா. நான் கேட்டுக்கு வந்தேன்.”

“தீப்பிடிச்ச அறையைத் தாண்டித்தானே கேட்டுக்கு வரணும்? ஏன் அந்தப் பக்கம் வந்தீங்க?”

“வீட்லருந்து தேடி ஓடியாருவாகள்ல. மொகத்தைக் காட்டணும்ல.”

அதிகாரிக்குப் புரியவில்லை. “அப்புறம்?”

“லோடு வண்டி வாறவரைக்கும் அங்கனதான் நின்னேன். ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். யாரும் வரலங்கய்யா.”

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.