டப்பாவில் விழாத சீட்டு

என் வீட்டுக்காரருக்குக் கால்பந்து தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது தெரியாமலே எத்தனையோ பேர் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டாவது வருஷம், மலாக்கா டவுனில் காஜா பெராங் பார்பர் கடையில் நடந்த சீட்டுப் போட்டியில் தொடர்ந்து ஆறு வாரம் ஜெயித்தவர் என்று அவரைத்தான் எல்லாரும் தூக்கிவைத்துப் பேசினார்கள். அந்த ஆறு வாரமும் சீட்டை எழுதியவள் நான்.

போட்டி இதுதான். மொத்தம் எட்டுப் பேர். டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் சனி, ஞாயிறு சாயங்காலங்களில் நிறைய டீம்கள் ஆடும். மார்க்கெட் டீம், பஸ் கம்பெனி டீம், ஆஸ்பத்திரி டீம், உஜோங் பாசிர் மீன்பிடிக்காரர்கள், புக்கிட் ரம்பாய் எஸ்டேட்காரர்கள், வாத்தியார்கள். இவர்களில் யாரை வேண்டுமானாலும் பொறுக்கிப் பதினொரு பேரை ஒரு தாளில் எழுதவேண்டும். நம் டீம் தாளில் மட்டும்தான் இருக்கும். நாம் எழுதிய ஆள் பாடாங் மைதானத்தில் நிஜமாகக் கோல் போட்டால் கோலுக்கு ஒரு புள்ளி. நம் கோல்கீப்பர் ஒரு கோலும் விடாமல் நின்றால் இரண்டு புள்ளி. வாரத்துக்கு ஒருவரோடு ஒருவர் மோதல். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சீட்டைக் கடையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடவேண்டும். திங்கள் சாயங்காலம் பார்பர் டப்பாவைத் திறந்து எல்லார் முன்னாலும் படிப்பார். டப்பாவில் விழுந்ததுதான் சீட்டு, அதற்குமேல் பேச்சில்லை. பந்தயப் பணம் எதுவும் கிடையாது. கரும்பலகையில் பேர் மேலே ஏறும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக எட்டு ஆண்பிள்ளைகளும் வாரம் பூராவும் சோறு இறங்காமல் திரிந்தார்கள்.

கடைக்குள் பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை, போவதில்லை, அவ்வளவே. அந்த வருஷம் தேர்தலில் நான் முதல்முறையாக ஓட்டுப் போட்டேன். பெட்டிக்குள் என் சீட்டை என் கையாலேயே போட்டேன். நாட்டை யார் ஆளவேண்டும் என்று நான் சொல்லலாம், உஜோங் பாசிர் சென்டர் பார்வர்டு எத்தனை கோல் போடுவான் என்று மட்டும் சொல்லக்கூடாது. அதற்கு என் வீட்டுக்காரரின் கை வேண்டியிருந்தது.

எனக்கு எப்படிக் கால்பந்து தெரியும் என்று கேட்பீர்கள். நான் தையல்காரி. நாலு டீம்களின் ஜெர்சிக்கு நம்பர் தைப்பதும் கிழிசல் ஒட்டுவதும் என் வேலை. ஜெர்சி எங்கே கிழிகிறதோ அங்கேதான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. முதுகுப்பக்கம் கிழிந்து வந்தால் அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்திருக்கிறார்கள், பிடிக்காமல் அவனை நிறுத்த முடியவில்லை என்று அர்த்தம். முழங்கையில் மண் அப்பியிருந்தால் கோல்கீப்பர் ஒழுங்காக விழுந்து எழுந்திருக்கிறான். கிழியவே கிழியாத ஜெர்சியும் உண்டு. அதைப் போட்டிருப்பவன் பந்து வரும்போது பக்கத்து ஆளுக்கு மரியாதை செய்து ஒதுங்கிக்கொள்கிறவன். பத்திரிகையில் யார் கோல் போட்டார்கள் என்றுதான் வரும். அடுத்த வாரம் யார் போடுவார்கள் என்பது என் தையல் மெஷினுக்குத்தான் வரும்.

ஏழாவது வாரம் எங்களுக்கு எதிராக விழுந்தது பெரிய கிராணி. என் வீட்டுக்காரர் வேலை செய்த கித்தா ரப்பர் கம்பெனி ஆபீசில் தலைமைக் கணக்குப்பிள்ளை அவர். அவரும் அதுவரை தோற்கவில்லை, நாங்களும் தோற்கவில்லை. கரும்பலகையில் இரண்டு பேரும் சமமாக உச்சியில் நின்றார்கள்.

அந்த மனிதரைத் தோற்கடிக்கவேண்டும் என்று எனக்கு இருந்த வெறியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து ஆட்டங்களை அலசுவார். நான் கோப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடவேண்டும். அவர் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதியைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரே ஒரு வாரம், அவர் பேருக்கு மேலே எங்கள் பேர் ஏறவேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை நான்.

வியாழக்கிழமை வேலியோரம் நின்று பக்கத்து வீட்டு அக்காவோடு பேசினேன். அவர்கள் மலாக்கா செட்டிகள், வீட்டில் மலாய்தான் பேச்சு. அவர் புருஷன் பஸ் கம்பெனி டீமின் நட்சத்திரம். எட்டுச் சீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு முதலில் எழுதப்படும் பேர் அவருடையது.

"காக்கி டியா பெங்காக், டிக்," என்றார் அக்கா. கால் வீங்கிக் கிடக்கிறதாம். மஞ்சள் பற்றுப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறாராம். சனிக்கிழமை ஆடமாட்டார்.

எனக்குள் குளிர்ந்துவிட்டது. ஒரு மனுஷனின் கால் வீங்கியதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று மத்தியானமே அவருக்கு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பிப் பாவத்தைத் தீர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சீட்டை எழுதினேன். நட்சத்திரத்தை விட்டேன். அவர் இடத்தில் உஜோங் பாசிர் சென்டர் பார்வர்டைப் போட்டேன். அவன் மூன்று வாரமாக ஒரு கோலும் போடவில்லை. ஆனால் மூன்று வாரமும் அவன் ஜெர்சி முதுகில் கிழிந்து வந்தது, மூன்றாவது வாரம் காலரே இழுத்தவன் கையோடு போயிருந்தது. கோலுக்கு எஸ்டேட் டீம் ஆள். மார்க்கெட் டீமில் பெனால்டி அடிக்கும் கறிக்கடைக்காரர். மிச்ச எட்டுப் பேரையும் எழுதி, நாலாக மடித்து, என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். "பஸ் கம்பெனி ஆளக் காணோமே?"

"கால் வீங்கியிருக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"மூணு வாரமா கோல் போடாதவன எழுதியிருக்கியே."

"இந்த வாரம் போடுவான்."

அவர் இன்னொரு தரம் மேலிருந்து கீழே படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அதைக் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலமும், வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆட்டம் பார்த்தவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் துணி மடிப்பதுபோல் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். உஜோங் பாசிர்காரன் மூன்று கோல். கறிக்கடைக்காரர் ஒரு பெனால்டி. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோல்கீப்பர் ஒரு பந்தும் விடவில்லை. ஆஸ்பத்திரி டீமில் நான் எழுதிய ஆள் ஒன்று போட்டிருந்தான். ஏழு புள்ளி! பெரிய கிராணி யாரை எழுதியிருந்தாலும் ஏழை எட்டியிருக்க முடியாது. திங்கட்கிழமை சேமியாப் பாயசம் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் இருட்டும் நேரத்தில் வந்தார். சைக்கிளைச் சாத்தினார். செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்னாச்சுங்க?"

"தோத்துட்டோம். நாலுக்கு ஒண்ணு."

"எப்படி ஒண்ணு? நமக்கு ஏழு வரணுமே. பார்பர் ஒழுங்கா எண்ணினாரா?"

"எண்ணினாரு. நமக்கு ராசி இல்ல, விடு. என்ன வாசன, பாயசமா?"

ராத்திரி முழுக்க விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். என் காதில்தான் தப்பாக விழுந்ததோ, என் மலாய்தான் குறையோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் துவைக்கப் போகும்போது அவர் சட்டைப்பையைத் துழாவினேன். சோப்புப் போடுமுன் பையைப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே நாலாக மடித்த சீட்டு இருந்தது. என் கையெழுத்து. பதினொரு பேரும் அப்படியே இருந்தார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தாழி தானாக உடையவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டுபோய் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் முன்னால் நீட்டினேன்.

"டப்பாவுல விழுந்தது என்னங்க அப்ப?"

அவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். "வேற தாள்ல நான் எழுதிப் போட்டேன். மூணு பேரத்தான் மாத்துனேன்."

"எந்த மூணு பேர?"

உஜோங் பாசிர்காரனுக்குப் பதில் கால் வீங்கிய நட்சத்திரம். எஸ்டேட் கோல்கீப்பருக்குப் பதில் ஐந்து கோல் விட்ட வாத்தியார். கறிக்கடைக்காரருக்குப் பதில், கேட்டால் நம்பமாட்டீர்கள், பெரிய கிராணியின் அக்காள் மகன்.

"கால் வீங்கியிருக்குன்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சுதான் எழுதினேன். அவரு எங்க பெரிய கிராணி. தோக்காத மனுஷன் அவரு. நான் ஜெயிச்சுட்டா நாளைக்கு ஆபீசுல அவரு மூஞ்சிய யாரு பாக்குறது, நீயா?"

"ஜெயிச்சா வேலைய விட்டு எடுத்துடுவாரா?"

"எடுக்கமாட்டாரு. ஆனா மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அவர்கள் ஆபீசில் மத்தியானம் கேரம் ஆடுவார்கள். சிவப்புக் காய் எவ்வளவு வசதியாக நின்றாலும் பெரிய கிராணிக்கு விட்டுவிடுவது வழக்கம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வந்துவிடும். என் சீட்டையும் சிவப்புக் காய் மாதிரி விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது அவருடைய காய் இல்லை என்பது அவர் புத்தியில் படவே இல்லை. அழுகை வந்தது, அவர் முன்னால் அழக்கூடாது என்று மெஷினில் போய் உட்கார்ந்து வெறும் துணியைத் தைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய கிராணியே வீட்டுக்கு வந்தார். கையில் அக்காள் மகனின் ஜெர்சி. நம்பர் தையல் விட்டுப்போச்சு என்றார். வாங்கிப் பார்த்தேன். சீசன் பாதி முடிந்தும் மடிப்புக் கலையாத ஜெர்சி. தையல் விடவில்லை, யாரோ ஒரு நூலைப் பிரித்திருந்தார்கள். ஜெர்சிக்காக அவர் வரவில்லை என்று புரிந்தது.

கோப்பியை வைத்துவிட்டு உள்ளே திரும்பினேன். "நில்லும்மா," என்றார். ஐந்து வருஷத்தில் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆறு வாரமா டப்பாவுல விழுந்த சீட்டு குண்டு குண்டா ஒரு கையெழுத்து. இந்த வாரம் விழுந்தது ஆபீஸ் லெட்ஜர் கையெழுத்து. அதுல என் அக்கா மவன் பேரு. அவன நானே எழுதமாட்டேன், பந்தப் பாத்தா ஓடுறவன்." என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, எனக்கு ஊட்டிவிடுறியா நீ? அந்தக் கையெழுத்தோட மோதணும்னு நான் ஆறு வாரமா காத்திருந்தேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் மெஷின் மேசையின் இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டுவந்து வைத்தேன். பெரிய கிராணி கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பேராக விரலை வைத்து இறங்கினார். உஜோங் பாசிர்காரன் பேரில் நின்றார்.

"இவன எப்படிம்மா எழுதின?"

"ஜெர்சி முதுகுல கிழிஞ்சு வந்துச்சுங்க ஐயா. மூணு வாரமா."

அவர் சீட்டின் கடைசிவரை விரலை இறக்கி எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஏழு. என்னுது நாலு. தோத்துட்டேன்மா."

இந்த வார்த்தைக்காகத்தானே தவம் கிடந்தேன். நெஞ்சு நிறைந்திருக்கவேண்டும். ஒரு நிமிஷம் நிறையவும் செய்தது. ஆனால் முன்னறையில், மூன்றே பேர் இருக்கும் வீட்டில் சொன்ன வார்த்தை அது.

"இத கடையில சொல்லுவீங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். பெரிய கிராணி கோப்பியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "கடையில எப்படிம்மா? டப்பாவுல விழுந்ததுதான் சீட்டு. அதுவும் இல்லாம, வீட்டுப் பொம்பளகிட்ட தோத்தேன்னு..." என்று இழுத்துச் சிரித்தார். நல்ல மனுஷர்தான். கோப்பி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் அந்த ஒற்றை நூலைத் தைத்து, ஜெர்சியை மடிப்புக் கலையாமல் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு என் வீட்டுக்காரர் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். சீட்டுக்குத்தான்.

"நீங்களே எழுதிக்கோங்க," என்றேன்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரி டீமுக்கு யாரு கோல்கீப்பர்?" என்றார். நான் மெஷினை வேகமாக மிதித்தேன்.

சீசன் முடியும்வரை அவர் ஒரு வாரமும் ஜெயிக்கவில்லை. கரும்பலகையில் பேர் இறங்கி இறங்கிக் கடைசிக்கு வந்தது, பெரிய கிராணி முதலாவதாக முடித்தார். கடைசி நாள் கடையிலிருந்து வந்து என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "பெரிய கிராணிகிட்ட மோதினதுலேருந்து எனக்கு ராசி போயிடுச்சுன்னு பேசிக்கிறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நான் என்ன சொல்றது? ஆமான்னேன்," என்றார்.